கழுகுக் கேள்வி பிறந்த கதை

மோதிரம் எரிமலைக்குள் விழுந்து உருகிவிட்டது. சுற்றிலும் தீக்குழம்பு ஓட, நடுவில் ஒரு பாறைமேல் ஃப்ரோடோவும் சாமும் சாவை எதிர்பார்த்துக் கிடக்கிறார்கள். அப்போது வானத்திலிருந்து ராட்சதக் கழுகுகள் இறங்கி வந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போகின்றன. பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் மூன்றாம் படம் 2003இல் வெளிவந்து 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. கூடவே ஒரு கேள்வியும் உலகமெங்கும் பரவியது. திரும்பும்போது தூக்கிவர முடிந்த கழுகுகள், போகும்போதே மோதிரத்தோடு கொண்டுபோய் விட்டிருக்கக் கூடாதா? ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக மூன்று படங்களில் இவர்கள் ஏன் நடந்தே சாக வேண்டும்?

மாயக் கதைப் படங்களிலும் அறிவியல் புனைவுப் படங்களிலும் லாஜிக் ஓட்டை எது என்று பேச்சு எழுந்தால் முதலில் வந்து நிற்பது இந்தக் கழுகுதான். இந்தக் கேள்வி ஜாக்சனின் படத்தோடு பிறந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் விதை அந்தப் படத்துக்கு 45 ஆண்டுகள் மூத்தது. விதைத்தவர் நாவலாசிரியர் டோல்கீனேதான். அதுவும், எடுக்கப்படாமலே போன ஒரு படத்தின் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு.

கதையில் ஓட்டை தேடும் வழக்கமோ அதைவிட மிகப் பழையது. ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் 5ஆம் காண்டத்தில் பைலமெனீஸ் என்னும் தலைவன் மெனலாவஸின் கையால் சாகிறான். 13ஆம் காண்டத்தில் அவன் மகன் ஹார்ப்பாலியன் கொல்லப்படும்போது, மகனின் உடலுக்குப் பின்னால் அழுதுகொண்டே வருகிறான் தகப்பன். எட்டுக் காண்டங்களுக்கு முன் செத்துப்போன அதே தகப்பன்! கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஸோய்லஸ் என்பவர் ஹோமரின் குறைகளையே தேடித் திரட்டி எழுதி, ‘ஹோமரின் சாட்டை’ என்று பெயர் வாங்கினார். ஹோமரைக் காக்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. செத்தவன் ஒருவன், அழுதவன் வேறொருவன், பெயர்தான் ஒன்று என்றார்கள் சிலர். அந்த வரியில் ஓர் எதிர்மறைச் சொல்லைப் புகுத்தி, தகப்பன் பின்னால் வரவில்லை என்று பொருள் வரும்படி பாடத்தையே திருத்திப் பார்த்தார்கள் வேறு சிலர். குற்றம் காண்பவர், சமாதானம் சொல்பவர், மூலத்தையே மாற்றுபவர் என்று இன்றைய ரசிகர் கூட்டத்தின் மூன்று கட்சிகளும் அன்றைக்கே உருவாகிவிட்டன.

இந்த வழக்குக்கு அளவுகோல் தந்தவர் அரிஸ்டாட்டில். ‘கவிதையியல்’ நூலின் கடைசி அதிகாரங்களில் அவர் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறார். கலையையே கெடுப்பது ஒன்று. கலைக்கு வெளியே இருக்கும் தகவல் பிழை மற்றொன்று. பெண்மானுக்குக் கொம்பு இல்லை என்று தெரியாமல் கொம்போடு வரைந்தது சிறிய பிழை. மான் என்றே தெரியாதபடி வரைந்ததுதான் பெரிய பிழை. நடக்கவே முடியாத ஒன்றானாலும் நம்பும்படி சொன்னால் போதும் என்கிறார். நடக்கக்கூடியதை நம்ப முடியாதபடி சொல்வதைத்தான் அவர் ஏற்கவில்லை. மாயக் கதைகளுக்கு இதைவிடப் பெரிய உரிமைச் சாசனம் வேண்டாம்.

அதே நூலில் இன்னொரு கூர்மையான குறிப்பும் உண்டு. அக்கிலீஸ் ஹெக்டரைத் துரத்துகிறான். கிரேக்கப் படை முழுவதும் அசையாமல் நிற்கிறது. காவியமாகக் கேட்கும்போது இது உறுத்துவதில்லை. மேடையில் நடித்துக் காட்டினால் சிரிப்புக்கு இடமாகிவிடும் என்கிறார் அரிஸ்டாட்டில். சொல்லில் மறைந்து நிற்கும் ஓட்டை, காட்சிக்கு வந்ததும் வெளிச்சமாகிவிடுகிறது. நாவல் படமாகும் ஒவ்வொரு முறையும் இந்த ஆபத்து இருக்கிறது. கழுகுக்கு நேர்ந்ததும் இதுதான்.

இந்த விவாதத்தை ஒரு விளையாட்டாக, விதிமுறையோடு ஆடத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். பைபிள் பாடங்களை ஆராயும் அறிஞர்களின் முறையை எடுத்து, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் முரண்களை அலசும் கட்டுரை அது. அந்தக் கதைகளில் அலச நிறையவே இருந்தது. 1887இல் வந்த முதல் கதையில் டாக்டர் வாட்சனுக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது தோளில். 1890இல் வந்த இரண்டாம் கதையில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. ஒரு சிறுகதையில் ஜான் வாட்சனை அவர் மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கிறார். இதற்கு எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் சொன்ன தீர்வு அழகானது. வாட்சனின் நடு எழுத்தான ‘ஹெச்’ ஹேமிஷ் என்பதைக் குறிக்கும். ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம் அது. மனைவி செல்லமாக அழைத்தது அந்தப் பெயரை. ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எளிதாகச் சொல்லிக் கைகழுவக் கூடாது. கதைக்குள் கிடப்பதை வைத்தே கதையைச் சரிசெய்ய வேண்டும். இந்த ஆட்டத்தின் விதி அது.

இதே ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர் டோல்கீன். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கதை சொல்பவன் இரண்டாவதாக ஓர் உலகத்தைப் படைக்கிறான். அந்த உலகத்தின் சட்டப்படி நடக்கும்வரை அங்கே சொல்லப்படுவது எல்லாம் உண்மை. சந்தேகம் எழுந்த கணமே மாயம் கலைந்துவிடும் என்பது அவர் கொள்கை. சொன்னதைத் தன் எழுத்திலும் கடைப்பிடித்தார். 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ முதல் பதிப்பில், நாயகன் பில்போவிடம் விடுகதைப் போட்டியில் தோற்ற கோலம் என்பவன் தன் மோதிரத்தைத் தானே பரிசாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். பிறகு எழுதிய பெருங்கதையிலோ, அந்த மோதிரத்தைக் கையில் வைத்திருப்பவன் அதை மனமுவந்து கொடுப்பது மிக மிக அரிது. முன்னதும் பின்னதும் மோதின. 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அதிகாரத்தை மாற்றி எழுதினார். பழைய பதிப்பில் இருந்ததையும் அவர் வீணாக்கவில்லை. அது பில்போ சொன்ன பொய் என்று ஆக்கினார். நல்லவனான பில்போவையே பொய் சொல்ல வைத்தது மோதிரத்தின் விஷம் என்று வாசகர் புரிந்துகொண்டபோது, முன்பு ஓட்டை இருந்த இடமே கதைக்குப் பலமாகிவிட்டது.

கழுகுகளுக்கும் அவர் எல்லை வகுத்திருந்தார். ‘தி ஹாபிட்’டில் கழுகுகளின் தலைவன், மனிதர் வாழும் பக்கம் பறக்கவே மறுக்கிறான். ஆட்டைத் தூக்க வந்ததாக நினைத்து வில்லால் அடிப்பார்களாம். 1954இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் தொகுதியில் மந்திரவாதி கண்டால்ஃபைக் கோபுரச் சிறையிலிருந்து மீட்கும் குவாய்ஹிர் என்னும் கழுகு, தான் வந்தது செய்தி சொல்ல, சுமை தூக்க அல்ல என்று சொல்லிவிட்டு, குதிரை கிடைக்கும் ரோகன் நாட்டில் இறக்கிவிடுகிறது. கழுகுகளுக்குச் சொந்தமாக ஒரு மனம் உண்டு, வேலை உண்டு, பயமும் உண்டு. கூப்பிட்டால் வந்து நிற்கும் வாகனங்கள் அல்ல அவை.

1957இல் அமெரிக்காவிலிருந்து ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவர் வழியாக ஒரு படத் திட்டம் டோல்கீனிடம் வந்தது. மார்ட்டன் ஸிம்மர்மன் எழுதிய கதைச்சுருக்கம் அதற்கு அடிப்படை. அதில் கழுகுகள் தாராளமாகப் பறந்தன. ஹாபிட்கள் வாழும் ஷயரிலேயே ஒரு கழுகு வந்து இறங்கியது. 1958இல் டோல்கீன் எழுதிய நீண்ட கடிதத்தில் அடிக்கு அடி கண்டனம். கழுகு ஆபத்தான கருவி என்று அதில் எச்சரிக்கிறார். தான் அதைச் சிக்கனமாகவே கையாண்டதாகவும், அதற்குமேல் போனால் நம்பவும் முடியாது, பயனும் இராது என்றும் சொல்கிறார். ஷயரில் கழுகு இறங்கினால், பின்னால் சாருமான் என்னும் மந்திரவாதியிடம் கண்டால்ஃப் சிறைப்படுவதை யார் நம்புவார்கள், தப்பிப்பதில் என்ன சுவை இருக்கும் என்பது அவர் வாதம். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் கழுகுக் கேள்வி பிறந்தது அந்தக் கடிதத்தில்தான். ஓர் உதவி எளிதில் கிடைக்கும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அது கிடைக்காத ஒவ்வோர் இடத்துக்கும் கதை காரணம் சொல்லியாக வேண்டும். டோல்கீன் அஞ்சியது இதைத்தான்.

ஜாக்சனின் படத்தில் கழுகுகள் பேசுவதில்லை. கோபுர உச்சியில் கண்டால்ஃப் ஓர் அந்துப்பூச்சியிடம் முணுமுணுக்கிறார்; கழுகு வந்துவிடுகிறது. சுமை தூக்க வரவில்லை என்ற பேச்சும் இல்லை, பாதி வழியில் இறக்கிவிட்ட கதையும் இல்லை. அரிஸ்டாட்டில் சொன்ன மேடைக் கதை மறுபடி நடந்தது. நாவலில் சொற்களுக்குள் நின்ற பறவை திரையில் பிரம்மாண்டமாகச் சிறகு விரித்தது. அதன் எல்லையைச் சொன்ன வசனம் மட்டும் காணாமல் போயிற்று. போதாக்குறைக்கு, இது வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கும் காலம். தியேட்டரில் ஒரு தடவை பார்த்து நினைவில் மட்டும் வைத்திருந்தவரை, படம் முடிந்தால் விவாதமும் ஓய்ந்துவிடும். வீடியோ கேசட் வந்த பிறகு ரசிகர் கையில் ஆதாரம் சேர்ந்தது. 1993இல் பில் ஃபாரண்ட், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் குறைகளை அத்தியாயம் அத்தியாயமாகத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். டிவிடி அந்தக் கண்ணை இன்னும் கூர்மையாக்கியது.

கழுகுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பதில்கள் பல. சிறகுள்ள மிருகங்கள்மேல் வரும், எதிரியின் ஏவலர்களான நாஸ்கூல்கள் வழிமறிப்பார்கள் என்பது ஒன்று. படத்தை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. மோதிரம் அழியும் முன்பே, கறுப்பு வாயில் போரில் கழுகுகள் அந்த மிருகங்கள்மேல் நேராகப் பாய்கின்றன. மோதிரம் கழுகையும் மயக்கிவிடும் என்பது இன்னொன்று. இருக்கலாம், ஆனால் படம் அதைச் சொல்லவில்லை. நிற்கும் பதில் ஒன்று உண்டு, அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. மோதிரத்தை என்ன செய்வது என்று கூடிய எல்ராண்டின் சபையில் போரமிர் என்னும் வீரன் எச்சரிக்கிறான்: எதிரியின் நாடான மோர்டோரில் அந்தப் பெரிய கண் எப்போதும் விழித்திருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எதிரில் திறந்த வானத்தில் பறப்பது, மோதிரத்தைக் கொண்டுபோய் எதிரியின் கையிலேயே கொடுப்பதற்குச் சமம். நடையின் மகத்துவமே அது கண்ணில் படாத சிறியவர்களின் நடை என்பதுதான்.

எது ஓட்டை, எது ஓட்டை இல்லை என்பதை இதிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம். நம் உலக அறிவியலோடு முட்டுவது ஓட்டை ஆகாது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் காற்றில்லாத வெளியில் வெடிச்சத்தம் கேட்பது கொம்புள்ள பெண்மான்தான். பாத்திரம் தவறாக முடிவெடுப்பதும் ஓட்டை ஆகாது. 1977இல் வந்த அதே படத்தில், சிறிய நிலவு அளவு பெரிய டெத் ஸ்டார் என்னும் போர் நிலையம் ஒரு சிறிய துவாரத்தால் அழிகிறது. சிறு விமானத்தால் ஆபத்து வரும் என்று பேரரசு எண்ணவில்லை என்று படமே காரணம் சொல்லிவிடுகிறது. 2016இல் வந்த ‘ரோக் ஒன்’ அந்தப் பலவீனத்தை, மகளைப் பிரிந்த ஒரு விஞ்ஞானி வேண்டுமென்றே வைத்தது என்று ஆக்கியபோது, சமாதானமாகத் தொடங்கியது ஒரு தகப்பனின் கதையாக வளர்ந்தது. சொல்லாமல் விட்டதும் ஓட்டை ஆகாது. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படத்தில், இளமையில் சந்தித்த பையன்தான் தங்கள் மகன் என்று பெற்றோருக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிறார்கள். 30 ஆண்டுகளுக்கு முன் சில நாள் பழகியவனின் முகம் யாருக்கு அச்சாக நினைவிருக்கும்?

கதை தானே போட்ட சட்டத்தைத் தானே மீறுவதும், அந்த மீறலின்மேல் முடிவு நிற்பதும்தான் ஓட்டை. செத்த பைலமெனீஸ் நடந்து வந்தது சட்டமீறல்தான், ஆனால் அதனால் டிராய் போரின் முடிவு மாறவில்லை, ஆகவே மன்னிக்கலாம். ‘ஹாரி பாட்டர்’ மூன்றாம் கதையில், வகுப்புகளுக்கு நேரம் போதவில்லை என்று ஒரு மாணவிக்குக் காலத்தைத் திருப்பும் கருவி தரப்படுகிறது. அப்படி ஒரு கருவி இருக்கும்போது, அடுத்தடுத்த சாவுகளுக்கு அதை யாரும் நினைக்காதது ஏன் என்ற கேள்வி கழுகுக் கேள்வியைவிடக் கனமானது. கழுகுக்கு மனம் உண்டு, மறுக்கலாம், கருவி மறுக்காது. நாவலாசிரியர் ரவுலிங்குக்கும் இது தெரிந்திருந்தது. ஐந்தாம் நாவலில் அமைச்சகத்தின் கையிருப்பில் இருந்த அந்தக் கருவிகளை எல்லாம் உடைத்துவிட்டார்.

கழுகு வழக்கில் என் தீர்ப்பு இது. நாவலில் ஓட்டை இல்லை. படத்திலும் ஓட்டை இல்லை, ஆனால் குறை உண்டு: பார்வையாளர் கேட்கப்போவதைச் சபையில் இருந்த ஒருவர் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். குவாய்ஹிரின் ஒரே ஒரு மறுப்பு போதும், இவ்வளவு ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும். இப்படிக் கேட்பவர்களைக் கதையை ரசிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். ராட்சதக் கழுகையும் பேய் மோதிரத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த உலகத்தை முழுசாக நம்பியதால்தான், அதன் சட்டம் எல்லா இடத்திலும் செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கொடுத்த நம்பிக்கைக்குக் கணக்குக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 1951இல் தன் நூலைத் திருத்திய டோல்கீன் செய்தது அந்தக் கணக்கைத் தீர்ப்பதுதான். மாயக் கதை எழுத வரும் எவரும் அதற்குத் தயாராகவே வர வேண்டும்.