விட்டுச் சென்றவற்றின் விலை: தரிகா மதிப்பீட்டின் வரலாறு

அரபுக் கல்லூரிகளில் ஃபராயிள் பாடம் தொடங்கும் நாள் ஒரு கணித வகுப்பைப் போலவே இருக்கும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாக மக்களுக்கு என்று கரும்பலகை பின்னங்களால் நிரம்பும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து, "ஹஸ்ரத், எட்டில் ஒன்று என்கிறோம், எதில் எட்டில் ஒன்று?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆயினும் அக்கேள்வி சிரிப்பதற்குரியதன்று. மய்யித்து விட்டுச் சென்ற செம்புப் பானைக்கும், பழைய சால்வைக்கும், ஊர்க்கோடியில் கிடக்கும் நிலத்துக்கும் விலை குறிக்கப்படாதவரை எந்தப் பின்னமும் எவருடைய கையிலும் ஒரு காசாக மாறுவதில்லை. அந்த விலையை யார் குறித்தார்கள், எந்நாளின் விலையைக் குறித்தார்கள், அதற்கு என்ன கூலி பெற்றார்கள் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

இறந்தவர் விட்டுச் செல்லும் அனைத்தையும் ஃபிக்ஹு நூல்கள் 'தரிகா' என்றழைக்கின்றன. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஸஜாவந்தீ அவர்களின் 'ஸிராஜிய்யா', தரிகாவின் மீது நான்கு உரிமைகள் வரிசையாக அமைகின்றன என்று தொடங்குகிறது. முதலாவது கபன், தஃபன் செலவு, இரண்டாவது கடன், மூன்றாவது எஞ்சியதில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேற்படாத வஸிய்யத், நான்காவதே வாரிசுகளின் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள், பங்குகளைக் கூறும் இடங்களிலெல்லாம் வஸிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னரே என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் விதவையும் அநாதையும் இழப்பர்; மிகுத்துக் காட்டினால், இல்லாத செல்வத்தை நம்பி வஸிய்யத் நிறைவேற்றப்பட்டுக் கடன்காரர் ஏமாறுவர். ஆகவே மதிப்பீடு ஓர் அமானிதம்.

இவ்வமானிதம் பேணப்பட்ட முறைக்கு மிகப் பழைய, மிக விரிவான சான்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் சொத்து விவரமாகும். ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போரின்போது கொல்லப்பட்ட அவர்கள் ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை. மதீனாவை அடுத்த 'அல்காபா' உள்ளிட்ட நிலங்களும், மதீனாவில் 11 வீடுகளும், பஸராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1 என வீடுகளும் இருந்தன. கடனோ 22 இலட்சம். அக்கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று. மக்கள் பொருளை அடைக்கலமாக ஒப்படைக்க வரும்போது, அது தொலைந்துபோனால் உரியவர் இழந்துவிடுவாரே என அஞ்சி, 'அடைக்கலமாக வேண்டாம், கடனாகத் தாருங்கள்' என்று பெறுவது அவர்களின் வழக்கம். அடைக்கலம் தொலைந்தால் ஈடு இல்லை. கடனுக்கோ ஈடு உண்டு.

மகனார் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) கணக்கைக் கையில் எடுத்தார்கள். ஸுபைர் (ரலி) அவர்கள் 1,70,000க்கு வாங்கியிருந்த அல்காபா நிலம் இப்போது 16 பங்குகளாக, பங்கு ஒன்றுக்கு 1,00,000 வீதம் 16 இலட்சமாக மதிக்கப்பட்டது. 4 இலட்சம் கடன் கொடுத்திருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) கடனைத் தள்ளிவிடவும் முன்வந்தார்கள்; மகனார் அதனை ஏற்காமல், கடனுக்கு ஈடாக நிலத்தில் ஒரு பகுதியையே அளித்தார்கள். இறுதியில் நாலரைப் பங்குகள் எஞ்ச, முஆவியா (ரலி) அவர்களின் அவையில் மூவர் ஒவ்வொரு பங்கை 1,00,000க்கு எடுத்துக்கொண்டனர். மீதி ஒன்றரைப் பங்கை முஆவியா (ரலி) அவர்களே 1,50,000க்குப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் இப்னு ஜஃபர் (ரலி) தமது 4 இலட்சம் பெறுமான பகுதியை அதே முஆவியா (ரலி) அவர்களிடம் 6 இலட்சத்துக்கு விற்றார்கள் என்பதும் அறிவிப்பில் உள்ளது. விலை என்பது நிலத்தில் எழுதப்பட்டிருப்பதன்று. காலத்திலும் வாங்குபவரின் தேவையிலும் இருப்பது.

கடன் தீர்ந்தபின் மற்ற மக்கள் பங்கு கேட்டனர். மகனாரோ, நான்கு ஹஜ் காலங்களில் 'ஸுபைர் மீது கடன் உடையவர் வாருங்கள்' என்று அறிவித்த பின்னரே பங்கிடுவேன் என்றார்கள், அவ்வாறே செய்தார்கள். நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 இலட்சம் கிடைத்தது. மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்று அறிவிப்பு முடிகிறது.

இங்கேதான் ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதுகோலை எடுத்தனர். நான்கு மனைவியருக்குமாக 48 இலட்சம் எனில், அது எட்டில் ஒன்று. ஆகவே வாரிசுகளுக்கான தொகை 3 கோடியே 84 இலட்சம். மூன்றில் ஒரு பகுதி வஸிய்யத்தாகச் சென்றிருந்தமையால் அதற்கு முந்திய தொகை 5 கோடியே 76 இலட்சம். கடன் 22 இலட்சத்தைக் கூட்டினால் 5 கோடியே 98 இலட்சம். அறிவிப்பிலுள்ள தொகையோடு 96 இலட்சம் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டுக்கு இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் பல விளக்கங்களைத் தொகுத்து, திம்யாத்தீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தை மிகவும் பாராட்டுகிறார்கள். 5 கோடியே 2 இலட்சம் என்பது மரண நாளின் மதிப்பு. மிகுதியான 96 இலட்சம், பங்கீடு தள்ளிவைக்கப்பட்ட நான்கு ஆண்டுகளில் நிலபுலன்கள் தந்த வளர்ச்சி என்பதே அவ்விளக்கம். மரண நாளின் மதிப்பு வேறு, பங்கீட்டு நாளின் மதிப்பு வேறு என்னும் நுட்பத்தைச் சட்ட வல்லுநர் அல்லர், ஒரு ஹதீஸின் கணக்கைச் சரிபார்த்த அறிஞர்களே நமக்குத் தெளிவாக்கினர்.

ஃபிக்ஹு நூல்களின் 'கிஸ்மத்' பாடங்கள் மதிப்பிடுபவரைப் பற்றி எழுதியவை இன்றும் வியப்பளிப்பவை. விலை குறித்துப் பிரிக்க வேண்டிய பங்கீட்டுக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்கிறது நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. விலை கூறுவது சாட்சியம் போன்றது. பங்கிடுபவரின் ஊதியம் பைத்துல்மாலிலிருந்து தரப்படுவதே சிறப்பு. இல்லையேல் பங்காளிகள் தர வேண்டும் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அக்கூலியைத் தலைக்கணக்கில் சமமாகப் பிரிப்பதா, பங்கின் அளவுக்கேற்பப் பிரிப்பதா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்ஃகீனானீ (ரஹ்) அவர்கள் 'ஹிதாயா'வில் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரே பங்கீட்டாளரை ஏற்கும்படி காழி மக்களைக் கட்டாயப்படுத்தலாகாது. பங்கீட்டாளர்கள் தமக்குள் கூட்டுச் சேரவும் விடலாகாது. விட்டால் கூலி ஏறிவிடும் என்று எச்சரிக்கிறார்கள்.

நூல்களில் உள்ளது நடைமுறையில் எவ்வாறு இருந்தது? அதற்கு விடை தரும் ஆவணங்கள் ஜெரூசலத்தின் ஹரம் ஷரீஃபிலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் 1974, 1976ஆம் ஆண்டுகளில் கண்டெடுக்கப்பட்டன. மம்லூக் காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 900 ஆவணங்களில் 400க்கும் மேற்பட்டவை தனிமனிதர்களின் உடைமைப் பட்டியல்கள். பெரும்பாலானவை கி.பி. 1390களைச் சேர்ந்தவை. காழியின் அனுமதியுடன் சாட்சிகள் வீட்டுக்குச் சென்று, பல நேரங்களில் நோயாளி உயிரோடிருக்கும்போதே, பாயும் தலையணையும் உடையும் பாத்திரமும் எண்ணி எழுதினர். கடனையும் வாரிசுகளையும் அவர் வாயாலேயே ஒப்புதல் பெற்றுப் பதிந்தனர். இதற்கு ஒரு காரணம், முழுச் சொத்தையும் பெறத்தக்க வாரிசு இல்லாதபோது எஞ்சியது பைத்துல்மாலுக்குச் செல்லும் என்ற ஷாஃபிஈ மத்ஹபின் மூலச் சட்டம். ஷரீஅத்தில் மரணத்தின் மீது வரி இல்லை. ஆனால் அரசுக்குத் தரிகாவில் கண் இருந்தது. ஆகவே எழுதப்பட்ட பட்டியல் அரசின் உரிமைக்கு ஆவணமானது போன்றே, வாரிசின் உரிமைக்குக் காவலாகவும் அமைந்தது.

அவ்வாவணங்களுள் என் போன்ற ஆசிரியரின் மனத்தைத் தைப்பது புர்ஹானுத்தீன் இப்ராஹீம் அந்நாஸிரீ என்பவருடையது. அவர் பெரும் ஆலிமாக வரலாற்று நூல்களில் இடம்பெற்றவரல்லர். பல நிறுவனங்களில் சிறு ஊதியத்துக்குக் குர்ஆன் ஓதி வாழ்ந்தவர். ஹிஜ்ரி 789இல் (கி.பி. 1387) அவர் மறைந்தபின் உடைமைகள் ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதப்பட்ட பட்டியலில் ஏறத்தாழ 300 நூல்கள் உள்ளன. வாங்கியவர் பெயரும் விலையும் குறிக்கப்பட்டுள்ளன. கொன்ராட் ஹிர்ஷ்லரும் ஸயீத் அல்ஜூமானியும் 2023இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஓர் எளிய ஓதுநரின் வீட்டில் இத்தனை நூல்கள் இருந்தன என்பதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை; தரிகாவை மதிப்பிட்ட எழுத்தரே நமக்குச் சொல்கிறார்.

உஸ்மானியர் ஆட்சியில் இப்பணி ஒரு துறையாகவே வளர்ந்தது. 'கஸ்ஸாம்' எனப்பட்ட பங்கீட்டு அலுவலர்கள் இரு வகையினர்: அரசு ஊழியரும் படையினருமான 'அஸ்கரீ' வகுப்பாருக்கு ஒருவர், ஏனைய மக்களுக்கு மற்றவர். கெய்ரோவில் இதற்கென இரு தனி நீதிமன்றங்களே இருந்தன. அவர்களின் பதிவேடுகள் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. முதலில் இறந்தவர் பெயரும் ஊரும் வாரிசுகளும், அடுத்து ஒவ்வொரு பொருளும் அதன் விலையும், பழையதாயின் பழையது என்ற குறிப்பு, பின் மொத்தம். அதிலிருந்து அடக்கச் செலவு, கடன், மனைவிக்குச் சேர வேண்டிய மஹர், ஏலம் கூறியவரின் கூலி, கஸ்ஸாமின் கட்டணம் ஆகியன கழிக்கப்பட்டு, எஞ்சியது பங்கிடப்படும். கட்டணம் காலத்துக்கேற்ப ஆயிரத்துக்கு 15 முதல் 25 வரை இருந்தது.

கட்டணம் மதிப்பின் விகிதமாக அமைந்தவுடன் மதிப்பை மிகுத்துக் காட்டும் ஆசையும் உடன் பிறந்தது. வாரிசுகள் வேண்டாதிருக்கவும் வலிந்து பங்கிட்டுக் கட்டணம் பெறும் காழிகளைக் கண்டித்து, ஸுல்தான்கள் 'அதாலத் நாமா' எனப்படும் நீதி ஆணைகளைப் பிறப்பித்தனர். வாரிசுகளில் சிறார் இருந்தாலோ, ஒருவர் தொலைவில் இருந்தாலோ அன்றி, கேளாமல் தலையிடலாகாது என்பதே விதி. பெரும் பதவியாளர்களின் தரிகாவை அரசே பறிமுதல் செய்த வழக்கமும் இருந்தது. 1839ஆம் ஆண்டின் குல்ஹானா ஆணை, குற்றவாளியின் குற்றமற்ற வாரிசுகள் உரிமை இழக்கமாட்டார்கள் என்று உறுதியளித்தது. ஹிதாயாவின் எச்சரிக்கையை வரலாறு மெய்ப்பித்தது என்றே சொல்ல வேண்டும்.

இப்பதிவேடுகளை இன்று வரலாற்றாய்வாளர்கள் பொக்கிஷமாகக் கருதுகின்றனர். எதிர்னே நகரின் 1545 முதல் 1659 வரையிலான பதிவுகளை உமர் லுத்ஃபீ பர்கான் 1966இல் பதிப்பித்தார். எஸ்தாப்லே, பஸ்குவால் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் 1700ஐ ஒட்டிய திமிஷ்கின் 450 குடும்பங்களை ஆராய்ந்து 1994இல் நூலாக்கினர். ஆயினும் எல்லா மரணங்களும் காழியிடம் வரவில்லை என்பதை மறத்தலாகாது. தமக்குள் இணங்கிப் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் பதிவேட்டில் இல்லை. வழக்கும் சிறாரும் கடனும் உள்ள வீடுகளே அங்கு மிகுதி.

நம் நாட்டில் 'எஸ்டேட் டியூட்டி' எனப்பட்ட மரணச் சொத்துவரி 1953 அக்டோபர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 1985 மார்ச் 16 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு அது நீங்கிற்று. மரண நேரத்தில் வெளிச்சந்தையில் விற்றால் என்ன விலை பெறுமோ அதுவே மதிப்பு என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. வரி இருந்தவரை, பெரிய சொத்துகளுக்கேனும் மதிப்பிட்டாக வேண்டிய கட்டாயம் இருந்தது. அது போனபின் இறையச்சம் ஒன்றே நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டியதாயிற்று.

அந்த இடத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆனபின், அன்றைய விலையைக் கணக்கிட்டுச் சகோதரியின் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, 'பங்கு தீர்ந்தது' என்று கையெழுத்து வாங்கும் குடும்பங்களை நான் அறிவேன். தீர்வு கேட்டு என்னிடம் வந்தவர்களுள் அவர்களும் உண்டு. பங்கிடப்படாத சொத்தின் வளர்ச்சி எல்லா வாரிசுகளுக்கும் உரியது; பதினைந்து ஆண்டு வாடகையும் விலையேற்றமும் சகோதரருக்கு மட்டும் உரியதன்று. முழு விவரமும் அறிந்து மனமொப்பிக் குறைந்த தொகைக்கு விலகிக்கொள்வதை 'தகாருஜ்' என்று ஃபிக்ஹு அனுமதிக்கிறது. விவரத்தை மறைத்துப் பெற்ற கையெழுத்து அத்தகையதன்று.

ஸுபைர் (ரலி) அவர்களின் மகனாரும் நான்காண்டுகள் தாமதித்தார்கள். அத்தாமதம் யாரேனும் ஒரு கடன்காரர் விடுபட்டுப் போய்விடக் கூடாதே என்பதற்காக. அதனால் வளர்ந்த 96 இலட்சமும் கணக்கில் சேர்ந்து மனைவியரின் பங்கு வரை சென்றது. அன்று கேட்ட மாணவர் இப்போது ஓர் ஊரின் இமாம். எட்டில் ஒன்று எதில் என்று எவரேனும் அவரிடம் கேட்டால், மய்யித்தின் வீட்டுக்கு முதலில் இரண்டு நேர்மையாளர்களை அனுப்பிப் பட்டியல் எழுதச் சொல்வார் என்று நம்புகிறேன்.