சேமிப்புக்கான வருமான வரிச் சலுகை (இந்தியா)

சேமிப்புக்கான வருமான வரிச் சலுகை இருவகையில் வழங்கப்படலாம். வரி கணக்கிடும் முன்னரே வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் குறைப்பது கழிவு ஆகும். கணக்கிட்ட வரியிலிருந்து குறைப்பது தள்ளுபடி ஆகும். பெயரளவில் சிறிய வேறுபாடாகத் தோன்றினும், யாருக்கு எவ்வளவு பயன் என்பதை இதுவே முடிவு செய்கிறது.

88 இலிருந்து 80சி

வருமான வரிச் சட்டம், 1961 இன் 88 ஆம் பிரிவு ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி போன்ற சேமிப்புகளுக்குத் தள்ளுபடி அளித்தது. அதன் இறுதி ஆண்டுகளில், பொதுவாக 1.5 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உடையோருக்குச் சேமிப்பில் 20 விழுக்காடும், 5 இலட்சம் வரை உடையோருக்கு 15 விழுக்காடும் கிடைத்தன. அதற்கு மேற்பட்டோருக்கு எதுவும் இல்லை.

2005 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதனை நீக்கி, 1 இலட்சம் ரூபாய் வரையான கழிவை 80சி பிரிவில் கொண்டுவந்தது. இதனால் வரிசை தலைகீழாயிற்று. 10,000 ரூபாய் சேமித்தவர்களுள் 1.4 இலட்சம் வருமானமுடையவர் முன்பு 2,000 ரூபாய் பெற்றார். 10 விழுக்காட்டு வரிப்படியில் இப்போது அவருக்கு 1,000 ரூபாயே மிஞ்சியது. 6 இலட்சம் வருமானமுடையவருக்கோ முன்பு சுழியம், பின்னர் 3,000 ரூபாய் (மேல்வரிகள் நீங்கலாக). எனினும் அதே ஆண்டு வரிவிலக்கு வரம்பு 50,000 இலிருந்து 1 இலட்சமாக உயர்ந்ததால், முதலாமவர் செலுத்திய மொத்த வரி குறைந்தது என்பதையும் கருத வேண்டும். வரி வரம்புக்குள் வராதோருக்கு இரு முறைகளிலும் பயனில்லை.

பின்னர்

கழிவின் உச்சவரம்பு 2014 இல் 1.5 இலட்சமாக்கப்பட்டது. 2020 இல் அறிமுகமான புதிய வரி முறையில் 80சி கழிவு இடம்பெறவில்லை; 2023 இல் அம்முறையே இயல்பு முறையாக்கப்பட்டது.