அமெரிக்க இளையோர் கால்நடைத் திட்டத்தில் மாடுகளை அடையாளமிடலும் பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 4-எச், எஃப்.எஃப்.ஏ. ஆகிய இளையோர் அமைப்புகளைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் ஒரு கன்றைத் தேர்ந்து, பல மாதங்கள் வளர்த்து, கவுண்டிக் கண்காட்சியிலோ மாநிலக் கண்காட்சியிலோ காட்சிப்படுத்துவர். அக்கன்று குறித்த நாளுக்குள் அடையாளமிடப்பட்டுப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். இப்பதிவுமுறை எவ்வாறு உருவாயிற்று, அது எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்க இயலாமல் நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இளையோர் கால்நடைத் திட்டம், 4-எச், காதுவில்லை, மூக்குரேகை, மரபணுப் பதிவு, வேளாண் கண்காட்சி.

மக்காச்சோளத்திலிருந்து கன்றுக்கு

அமெரிக்க வேளாண் கண்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் 1810-ஆம் ஆண்டு கூட்டிய மாட்டுக் கண்காட்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். முதல் மாநிலக் கண்காட்சி 1841-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் நடைபெற்றது. இக்காலத்தில் மாட்டின் அடையாளம் பற்றி எழுந்த முதன்மையான வினா அதன் பிறப்பைப் பற்றியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் கோட்ஸ் 1822-இல் ஷார்ட்ஹார்ன் இனத்திற்கு மரபுப் பதிவேடு வெளியிட்டார். அம்முறையைத் தழுவி லூயிஸ் ஆலன் 1846-இல் அமெரிக்கப் பதிவேட்டைத் தொடங்கினார். எந்தக் காளைக்கும் எந்தப் பசுவுக்கும் பிறந்தது என்பதே அவ்வேடுகள் விடையளித்த வினாவாகும். அந்த மாட்டை யார் தீனியிட்டு வளர்த்தார் என்பது அவற்றிற்குப் பொருட்டன்று.

இளையோர் கழகங்கள் வேறொரு வினாவை எழுப்பின. ஒகையோ மாநிலத்துக் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் 1902-இல் தொடங்கிய கழகமும், அதனையொட்டிப் பல மாநிலங்களில் தோன்றிய மக்காச்சோளக் கழகங்களும் சிறுவரின் உழைப்பையே அளக்க முயன்றன. தென் கரோலினாவில் 1910-இல் ஒரு சிறுவன் ஓர் ஏக்கரில் 228 புஷலுக்கும் மேலாக விளைவித்தது நாடெங்கும் பேசப்பட்டது. இப்போட்டிகளில் அடையாளச் சிக்கல் பெரிதாக எழவில்லை. ஏக்கர் நிலம் இடம் பெயராது. அளப்பவர் வயலுக்கே சென்று அளந்துவிடலாம். 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் விரிவாக்கப் பணிக்கு நடுவண் அரசின் நிதியை உறுதி செய்தபின், கழகங்கள் கவுண்டி முகவர்களின் பொறுப்பில் விரைந்து பெருகின. கன்று வளர்ப்பும் அவற்றில் முதன்மையான இடம் பெற்றது. 1928-இல் எஃப்.எஃப்.ஏ. உருவான பின்னர்ப் பள்ளி வேளாண் வகுப்புகளும் இதில் இணைந்தன.

கன்று வந்ததும் நிலை மாறியது. தொடக்க எடை, தீனிச் செலவு, இறுதி எடை ஆகியவற்றைச் சிறுவன் ஏட்டில் எழுதி வருதல் வேண்டும். குளிர்காலத்தில் எடையிட்ட கன்றும் கோடையில் பந்தலுக்கு வரும் காளையும் ஒன்றே என்று உறுதி செய்யாவிடில் அந்த ஏட்டுக்கே பொருளில்லை. இடைப்பட்ட மாதங்களில் கன்று உருவமே மாறிவிடும். பார்த்த கண்ணால் மட்டும் அதனை அறுதியிட்டுக் கூற இயலாது. எனவே, மாடு எந்த இனம் என்ற பழைய வினாவின் இடத்தில், இது அதே மாடுதானா என்ற வினா அமர்ந்தது. இளையோர் பதிவுமுறையின் தனித்தன்மை இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம்.

குறிகளின் வளர்ச்சி

சூட்டுக்குறி உடைமையைக் காட்டும். ஆனால் ஒரு பண்ணையின் மாடுகள் அனைத்தும் ஒரே குறியைத் தாங்கக்கூடும். ஹோல்ஸ்டீன் போன்ற திட்டு நிறமுள்ள இனங்களுக்கு இருபக்கத் திட்டுகளையும் வரைந்து சான்றிதழில் ஒட்டும் வழக்கம் இருந்தது. முழுக் கறுப்பான ஆங்கஸ் இனத்திற்கு அது பயன்படாது. ஆகவே காதின் உட்புறத்தில் எண் பச்சை குத்தப்பட்டது. பிறந்த ஆண்டைக் குறிக்க ஆங்கில எழுத்தொன்றைச் சேர்க்கும் முறையும் வழக்கில் உள்ளது. எண்களோடும் பிற எழுத்துகளோடும் மயங்கும் நான்கு எழுத்துகளை அவ்வரிசையில் விட்டுவிடுகின்றனர். பச்சை அழியாது என்பது நன்மை. ஆனால் கருந்தோலில் அதனைப் படிக்க விளக்கும் பொறுமையும் வேண்டும்.

காதுவில்லை எளிமையானது, தொலைவிலிருந்தே படிக்கத்தக்கது. ஆனால் வேலிக்கம்பியில் மாட்டிக் கிழியும்; வெட்டியெடுத்து வேறொரு காதில் பொருத்தவும் முயலலாம். உடலிலிருந்து பிரிக்க முடியாத குறி எது என்ற தேடலே மூக்குரேகைக்கு வழிவகுத்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஈ. பீட்டர்சன் பால்பண்ணை அறிவியல் இதழில் 1922-இல் வெளியிட்ட ஆய்வுரை மாட்டினத்தை மூக்குப்பதிவால் அடையாளங்காணும் முறையை முன்வைத்தது. மாட்டின் மூக்கு நுனியில் உள்ள மேடுகளும் பள்ளங்களும் மாட்டுக்கு மாடு வேறுபடும். மனிதரின் விரல்ரேகையைப் போலவே அவ்வமைப்பும் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும் என்பது இம்முறையின் அடிப்படை.

செய்முறை சொல்வதற்கு எளிது. செய்வதற்கு அவ்வளவு எளிதன்று. கன்றின் தலையை அசையாதவாறு கட்டிப் பிடிக்கவேண்டும். மூக்கு இடையறாது ஈரம் கசியும் உறுப்பாதலால் துணியால் ஒற்றி உலர்த்தி, உடனே மை தடவி, அட்டையை மேலுதட்டின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி உருட்டவேண்டும். சற்றுத் தாமதித்தால் மீண்டும் ஈரம் பூத்து மை பரவிவிடும். கன்று நாவை நீட்டினால் அட்டை வீணாகும். ஆகவே ஒரு கன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் எடுப்பர். இதனைச் செய்தோர் பெரும்பாலும் கவுண்டி விரிவாக்க அலுவலர்களும் தன்னார்வப் பெற்றோருமே. பதிவு நாள் என்பது அவர்களுக்கு மை படிந்த கைகளோடு கழியும் குளிர்கால நாளாகவே இருந்திருக்கும்.

இம்முறைகள் தேவைப்பட்டதற்குக் காரணம் பரிசு. முதற்பரிசு பெற்ற காளை ஏலத்தில் சந்தை விலையைப் போலப் பன்மடங்கு விலை பெறும். வணிக நிறுவனங்கள் விளம்பரத்திற்காகவும் நல்லெண்ணத்திற்காகவும் ஏலம் கேட்கும். 1972-இல் டென்வர் நகரத் தேசிய மேற்குக் கண்காட்சியில் முதன்மைப் பட்டம் பெற்ற கறுப்புக் காளை, சாயம் பூசப்பட்ட வெண்ணிறச் சரோலே என்பது பின்னர்த் தெரியவந்தது. இன்று நகைச்சுவையாக நினைவுகூரப்படும் இந்நிகழ்ச்சி, கண்காட்சி நடத்துவோர்க்கு அன்று நகைச்சுவையாக இருந்திருக்க இயலாது.

மூக்குரேகைக்குப் பின் வந்தது மயிர்மாதிரி. பதிவு நாளில் வால்நுனி மயிரை வேரோடு பிடுங்கி, கன்றின் எண் எழுதிய உறையிலிட்டு முத்திரையிட்டு வைப்பர். கண்காட்சியில் வெற்றி பெற்ற மாட்டிலிருந்து மீண்டும் மயிர் எடுத்து இரண்டின் மரபணுவையும் ஒப்பிடுவர். எல்லா உறைகளையும் ஆய்வகத்திற்கு அனுப்புவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை திறக்கப்படாமலே போகும். ஒப்பிடக்கூடும் என்ற அச்சமே இம்முறையின் ஆற்றல். சில இடங்களில் விழித்திரையின் நாளப்படமும் பயன்படுத்தப்பட்டுள்ளது.

1994: அடையாளம் சரியாக இருந்தபோது

குறிகள் நுட்பமடைய மோசடி குறையும் என்ற எதிர்பார்ப்பை ஒகையோ மாநிலக் கண்காட்சி 1994-இல் பொய்யாக்கியது. அங்கு இளையோர் பிரிவில் பட்டம் பெற்ற பல விலங்குகள் தகுதியிழந்தன. உணவுக்கான விலங்குகளுக்கு ஒப்புதல் பெறாத கிளென்பியூட்டரால் என்னும் மருந்து கொடுத்துக் கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டியதும், உடல் திரட்சியாகத் தோன்றும்பொருட்டுத் தோலுக்கடியில் எண்ணெய் செலுத்தியதும் வெளிப்பட்டன.

இந்நிகழ்ச்சியை ஆள்மாறாட்டத்தோடு சேர்த்துப் பேசுவது பிழை. அதன் மையமான குற்றம் மாட்டை மாற்றியதன்று. வில்லையும் பதிவெண்ணும் உரிமையாளர் பெயரும் பொருந்தியிருந்தாலும் இக்குற்றத்தை அவை காட்டிக்கொடுத்திருக்க மாட்டா. மூக்குரேகை, இது அதே மாடு என்று சான்று கூறும். அந்த மாட்டுக்கு இடைப்பட்ட மாதங்களில் நேர்ந்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒகையோ பின்னர்க் கண்காட்சி விலங்குகளை முறைகேடாகக் கையாளுவதைத் தடுக்கும் சட்டவிதிகளை இயற்றியது. கொடுத்த மருந்துகளை உரிமையாளர் எழுத்து மூலம் அறிவிக்கும் படிவமும் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் ஆவணத்தோடு, வளர்ப்பின் ஒழுக்கத்தைச் சொல்ல முயலும் இன்னோர் ஆவணம் சேர்ந்தது எனக் கொள்ளலாம். முதலாவதை ஆய்வகம் சரிபார்க்க இயலும். இரண்டாவது பெரிதும் கையொப்பமிடுவோரின் சொல்லையே நம்பி நிற்கிறது.

நோய்த்தடமும் பந்தலும்

இதே காதில் மற்றோர் அரசுத் தேவையும் வந்து சேர்ந்தது. கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸை ஒழிக்கும் திட்டத்தில் தடுப்பூசி பெற்ற கிடாரிகளுக்கு ஆரஞ்சு நிற உலோகவில்லை பொருத்தப்பட்டது. பிற மாடுகளுக்கான வெள்ளிநிற வில்லையில் ஒன்பது எழுத்தெண்கள் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் 2003 டிசம்பரில் ஒரு மாட்டுக்குப் பித்தநோய் கண்டறியப்பட்டபின், நாடு தழுவிய விலங்கு அடையாள முறை 2004-இல் முன்னெடுக்கப்பட்டது. உழவர் எதிர்ப்பால் அது 2010-இல் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக 2013-இல் நடைமுறைக்கு வந்த நோய்த்தட விதி, மாநில எல்லை கடக்கும் கண்காட்சி மாடுகளுக்கு வயது வரம்பின்றி அரசு அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. 2024 நவம்பர் முதல் புதிதாகப் பொருத்தப்படும் அவ்வில்லை கண்ணாலும் மின்னணுக் கருவியாலும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். 840 என்று தொடங்கும் 15 இலக்க எண்ணே இப்போது பரவலாகக் காணப்படுகிறது.

நோய்த்துறைக்கு வேண்டியது மாடு எங்கிருந்து வந்தது என்ற செய்தி. விரிவாக்கத் துறைக்கு வேண்டியது யார் வளர்த்தார் என்ற செய்தி. ஒரே எண் இரண்டிற்கும் பயன்படுவதால் இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் எழுகிறது. தூய இனக் கிடாரிகளுக்கு இனச்சங்கத்தின் பதிவுச் சான்றிதழும் குறித்த நாளுக்குள் சிறுவர் பெயருக்கு மாற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்பதால் சிக்கல் மேலும் ஓரடுக்குப் பெறுகிறது.

நாளும் உடைமையும்

இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறாதது பதிவின் கடைசி நாள். அயோவாவில் அண்மை ஆண்டுகளில் இறைச்சிச் சந்தைக்குரிய மாடுகளுக்குப் பிப்ரவரி 1-உம் இனப்பெருக்கக் கிடாரிகளுக்கு மே 15-உம் வரையறையாக உள்ளன. மாநிலக் கண்காட்சி ஆகஸ்டில் நிகழ்கிறது. வளர்ந்த காளையைக் கடைசி வாரத்தில் விலைக்கு வாங்கிப் பந்தலுக்குக் கொண்டுவருவதை இந்த இடைவெளி தடுக்கிறது. குறிகள் அனைத்தும் இந்த இடைவெளியைக் காப்பதற்காகவே இருப்பவை என்று கருதினும் தவறில்லை.

எனினும் இவ்விடைவெளிக்கு ஒரு விலை உண்டு. பதிவு நாளுக்கு முன்பே கன்றை வாங்கியாக வேண்டும் என்பதால், கண்காட்சிக்கென்றே ஈனப்பெறும் கன்றுகளுக்குத் தனிச் சந்தை உருவாகி, அவை பெருந்தொகைக்கு விற்கப்படுகின்றன. குளிர்காலத்தில் பணமில்லாத குடும்பம் கோடையில் கடன் பெற்றும் பயனில்லை. மறுபுறம், வசதி படைத்த வீட்டில் கூலிக்கு அமர்த்திய ஒருவர் நாள்தோறும் தீனியிட்டுச் சீர்செய்த காளையும் எல்லாப் பதிவுகளிலும் குறையின்றித் தேறும். மரபணு பொருந்தும், காதுவில்லை பொருந்தும், உடைமைச் சான்றும் சிறுவன் பெயரிலேயே இருக்கும். பதிவுமுறை பிடிக்கும் வலையில் இது விழுவதில்லை. கூலியாள் கைக்கும் சிறுவன் கைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஆவணமாகத் திட்டத்தில் எஞ்சியிருப்பது, கழகங்களின் தொடக்க நாள்களிலிருந்தே சிறுவர் கையால் எழுதப்பட்டு வரும் தீனிக் கணக்கேடு மட்டுமே. இருப்பினும், மாட்டை ஏலத்திற்கு அனுமதிக்கும் நாளில் அலுவலர் முதலில் தேடுவது அதன் காதையே.