சினிமாவுக்கு முன்னால் பாடியவர்கள்

தமிழ்த் திரையிசை வரலாறு என்று யார் எழுதினாலும் 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, இளையராஜா, ரகுமான் என்று அரசர் பரம்பரை போல ஒரு வரிசை. பழைய இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் சேர்த்து வருகிறவன் நான். இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை.

'காளிதாஸ்' படத்தில் காந்தியின் ராட்டினத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு உண்டு. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். காளிதாசனுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்? படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விளங்காது. நாடகக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே பல வருஷமாக அதுதான் நடப்பு. 'வள்ளி திருமணம்' நடக்கும், இடையில் கதர்ப் பாட்டு வரும். தினைப்புனத்துக் கொக்கைப் பற்றிப் பாடினால், அந்தக் கொக்கு வெள்ளைக்காரன் என்று தரை டிக்கெட்டுக்காரருக்கும் தெரியும். அப்படிப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர் விஸ்வநாததாஸ். 1940-இல் சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். இசை வரலாறு என்று வரும் எத்தனை புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது?

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. 1933-இல், 27 வயதில் போய்விட்டார். மேடையில் நினைத்த மட்டும் ராகத்தை இழுத்துப் பாடியவர், தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் என்ற கணக்குக்குள் பாடி வைத்ததால்தான் அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறது. மேடையிலும் தட்டிலும் கே.பி. சுந்தராம்பாள் சேர்த்த புகழுக்குத்தான் 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க லட்ச ரூபாய் கொடுத்தார்கள். பாட்டைத் தேடி வந்தது சினிமா. வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் 1981-லேயே நாடகம், இசைத்தட்டு, சினிமா, தேசிய அரசியல் நான்கையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து புத்தகம் போட்டார். அந்த வழியில் பின்னால் போனவர்கள் குறைவு. ஆதாரம் காணாமல் போவது ஒரு காரணம். 'காளிதாஸ்' படப் பிரதியே இன்று இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டோ, நாடக நோட்டீஸோ, அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள்.