கிட்டங்கி, குடாங், கோடவுன்



ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தனிச்சொல் அவர்களுக்குத் தொல்லை தருவதில்லை. இரண்டு சொற்கள் கூட்டுச் சேர்ந்தால்தான் தொல்லை. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. அப்படியானால் 'கிவ் அப்' என்றால் மேலே கொடுப்பதா? இல்லை, கைவிடுவது. மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், "ஐயா, இப்படி ஏமாற்றுகிற மொழி வேறு உண்டா?" என்று என்னிடம் கேட்டான். "தம்பி, நம் 'கைவிடு' மட்டும் என்னவாம்? அதில் கை எங்கே இருக்கிறது?" என்றேன். சிரித்துவிட்டான்.

ஆக, காதில் விழுவதை வைத்துப் பொருள் சொல்லக்கூடாது. இந்தப் பாடத்தை நமக்குச் சொல்லித் தரும் சொல் ஒன்று நம் பினாங்குக் கரையிலேயே இருக்கிறது.

'கோ டவுன்' என்று பிரித்துச் சொன்னால் இறங்கு, விலை குறை, சூரியன் மறை என்று பல பொருள். சேர்த்து 'கோடவுன்' என்றால் சரக்கு வைக்கும் இடம். ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ ஓரம் நடந்தால் பழைய கோடவுன்களை இன்றும் பார்க்கலாம். இறங்கிப் போய்ச் சரக்கு வைப்பதால் அந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிழை.

வரலாற்றைப் பாருங்கள். 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றினார். அதற்கு முன்பே நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து மரக்கலங்கள் கெடா கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. கொடி ஏறியதும் நம்மவர்கள் இங்கேயும் குடியேறினார்கள். சூலியா தெரு அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இலும், குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இலும் எழுந்தன. வணிகர் வந்தால் சரக்கு வரும். சரக்கோடு சொல்லும் வரும். நம் கப்பல் மலாயில் 'காப்பால்' ஆயிற்று. நம் கடை 'கெடாய்' ஆயிற்று. சரக்குக் கிடக்கும் இடத்தை மலாய்க்காரர் 'குடாங்' என்றார்கள். வெள்ளைக்காரர் வாயில் அதுவே 'கோடவுன்' ஆயிற்று.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஹென்றி யூல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னல் ஆகிய இருவரும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886-இல் வெளிவந்தது. பினாங்கில் கொடி ஏறிச் சரியாக நூறு ஆண்டு! ஆங்கிலேயர் கீழைநாடுகளில் பொறுக்கிய சொற்களின் கணக்குப் புத்தகம் அது. மலாய் 'குடாங்', தெலுங்கு 'கிட்டங்கி', தமிழ் 'கிடங்கு' மூன்றையும் அது காட்டி, 'கிட' என்ற வேரைச் சுட்டுகிறது. அந்தப் புத்தகத்தின் பெயரே ஒரு காதுப்பிழைதான். முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரல் சிப்பாய்கள் காதில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று விழுந்ததாம்!

இன்னொன்று, 'ரன் அமோக்'. வெறிகொண்டு தாக்குவது என்ற மலாய்ச் சொல் 'அமுக்'. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதை 'எ மக்' என்று இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். 'மக்' என்றால் அவர்கள் மொழியில் சாணம், குப்பை. வெறிக்கும் குப்பைக்கும் என்ன உறவு? தெரிந்த ஒலியைத் தெரியாத சொல்லில் தேடினால் இப்படித்தான் ஆகும்.

நேயர்களே, வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நாமும் அதே பிழையைச் செய்வதில்லையா? 'ஒன்று' என்பதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'ஒன்' வந்தது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆங்கிலேயர் அதை 'ஆன்' என்றார்கள். ஜெர்மானியர் 'ஐன்ஸ்' என்கிறார்கள். அது அவர்கள் வீட்டுச் சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல். கிடங்குக்கோ வேர் இருக்கிறது, கப்பல் வந்த வழி இருக்கிறது, வணிகர் வாழ்ந்த தெரு இருக்கிறது. தெலுங்கர் வாய் வழியா, தமிழர் வாய் வழியா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். வங்காள விரிகுடா வழி என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். ஆதாரம் உள்ள பெருமை போதும் நமக்கு. இரவல் பெருமை எதற்கு?

இந்தப் பெருமையை நாம் காப்பாற்றினோமா? அதுதான் என் கேள்வி. பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் லேவாதேவி நடத்திய கட்டடங்களுக்குக் 'கிட்டங்கி' என்றே பெயர். ஒரே இடத்தில் பல பெட்டியடிகள், கணக்கு, தங்கல், சாப்பாடு எல்லாம் அங்கேதான். கிட்டங்கியிலிருந்து வெல்ட் கீ கோடவுனுக்குப் பத்து நிமிட நடை. தாயும் கடல் சுற்றி வந்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தார்கள்!

இன்று? "சாமான் குடோன்ல இருக்கு" என்று தமிழிலேயே பேசுகிறோம். நம் சொல் வெள்ளைக்காரச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. வந்த பிள்ளைக்கு வாசலைத் திறந்தோம், பெற்ற தாயைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டோம்.

குடோனை விரட்டச் சொல்லவில்லை. அதுவும் நம் பேரப்பிள்ளைதான். அடுத்த முறை பிள்ளைகளோடு வெல்ட் கீ பக்கம் போகும்போது அந்தக் கட்டடங்களைக் காட்டுங்கள். "இதற்குத் தமிழில் கிடங்கு என்று பெயர். ஆங்கிலேயன் அதை மலாய்க்காரர் வாயில் கேட்டு, தப்பாக எழுதிக்கொண்டான்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் என்றால் அஞ்சும் பிள்ளைக்குப் பாதி அச்சம் அங்கேயே போய்விடும்.