சீருடை அணிந்தவர்க்கு நீதி: ராணுவ மருத்துவமனையும் சட்டமும் கடந்து வந்த பாதை

நம் குடியிருப்பில் முப்படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் பிள்ளையோ மருமகனோ இருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கு உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராணுவ மருத்துவமனைதான். போர்முனையிலும் பனிமலையிலும் உயிர்களைக் காப்பாற்றிய பெருமை அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உண்டு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் தவறு நடக்கலாம். அப்படி நடந்தால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை இந்த இதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

வயிற்றுக்குள் ஒரு துண்டு

1945 ஜூலையில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ஒரு படைவீரருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். சுமார் எட்டு மாதம் கழித்து இன்னோர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அப்போது அவர் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். அளவைக் கேளுங்கள்: 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம். அதன்மேல் அமெரிக்க ராணுவ மருத்துவத் துறையின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது.

இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? கீழ் நீதிமன்றம் விசாரித்து, கவனக்குறைவு நடந்தது உண்மை என்றே முடிவு செய்தது. ஆனாலும் நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. அரசு ஊழியரின் கவனக்குறைவுக்காக அரசின்மீது வழக்குப் போட வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 1946ல் வந்திருந்தது. பணியிலிருக்கும் படைவீரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். 1950 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஒன்றாக விசாரிக்கப்பட்ட மூன்று வழக்குகளில் ஒன்றின் பெயரால் இது ஃபெரஸ் கோட்பாடு என்று அழைக்கப்படுகிறது. படைவீரருக்கும் அரசுக்கும் உள்ள உறவு தனிப்பட்டது, அவருக்கென்று ஓய்வூதியமும் உதவித்தொகையும் தனியாக இருக்கின்றன என்பவை நீதிமன்றம் சொன்ன காரணங்களில் சில. வீரர்கள் வழக்குப் போட்டால் படையின் கட்டுப்பாடு குலையும் என்ற காரணமும் பின்னாளில் சேர்ந்துகொண்டது.

நான்கே ஆண்டுகளில், 1954ல், அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. படையிலிருந்து விடுபட்ட ஒருவருக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது கட்டிய பட்டையின் கோளாறால் கால் நரம்பு பாதிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடரலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சை நடந்தபோது அவர் சீருடையில் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1947ல் வந்த சட்டம் அரசின்மீது வழக்குப் போட மக்களுக்கு வழி திறந்தது. ஆனால் அதன் 10ஆம் பிரிவு படைவீரர்களுக்குக் கதவை அடைத்தது. அந்தத் தடையை நீக்க 1987 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு நடந்த பாதிப்புகளுக்கு அந்த நீக்கம் உதவவில்லை.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டில் கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. கல்கத்தாவின் கிடர்பூர் கப்பல் தளத்தில் அரசின் வேலையாட்கள் சுமந்து வந்த இரும்பைக் கீழே போட்டார்கள். வண்டிக் குதிரை ஒன்று காயப்பட்டது. 1861ல் கல்கத்தா நீதிமன்றம் அரசை நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. கூடவே ஒரு கோட்டையும் கிழித்தது: தனியாரும் செய்யக்கூடிய வேலையில் தவறினால் அரசு பொறுப்பு, ஆட்சி அதிகாரத்தைச் செலுத்தும் வேலையில் தவறினால் பொறுப்பில்லை. போரும் படையும் இரண்டாவது வகைக்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம். அப்படியானால் மருத்துவமனை நடத்துவது எந்த வகை?

இந்தக் கேள்விக்கு விடை தந்ததும் வயிற்றுக்குள் மறந்துவிட்ட ஒரு துண்டுதான். 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி, சில நாளில் கருத்தடை அறுவை சிகிச்சையும் நடந்தது. பிறகு காய்ச்சலும் வலியும் ஏறிக்கொண்டே போயின. காரணத்தை உடனே கண்டறியவில்லை. ஆறாம் நாள் வயிற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே துண்டும் சீழும் இருந்தன. 24ஆம் தேதி அவர் இறந்துபோனார். விசாரணை நீதிமன்றம் குடும்பத்துக்கு ரூ.36,000 வழங்கியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையைத் திருப்பித் தந்தது. மருத்துவமனை நடத்துவது மக்கள் நலப் பணி, அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சிப் பணி அல்ல. எனவே ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்றது தீர்ப்பு. நீதி கிடைக்க 33 ஆண்டுகள்.

இதற்குச் சில மாதம் முன்பு, 1995 நவம்பரில், நுகர்வோர் சட்டம் மருத்துவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதில் வராது. ஆனால் வேலையின் நிபந்தனையாக முதலாளி செலவை ஏற்றுக்கொண்டால், அந்த ஊழியர் பெறும் சிகிச்சை இலவசமாகக் கருதப்படாது. பின்னர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வழக்கிலும் ரயில்வே மருத்துவமனை வழக்கிலும் இதே வழியில் தீர்ப்புகள் வந்தன. ஆனால் பணியிலிருக்கும் படைவீரர் நுகர்வோரா என்ற கேள்வி வழக்குக்கு வழக்கு எழுந்துகொண்டே இருந்தது.

ஒரு பாட்டில் ரத்தம்

2002ல் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படைகள் எல்லையில் குவிக்கப்பட்டிருந்தன. விமானப்படையைச் சேர்ந்த இளம் வீரர் ஒருவர் உடல்நலம் கெட்டு, ஜம்முவின் சாம்பா ராணுவ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2014ல், மீண்டும் உடல்நலம் கெட்டபோதுதான் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. படையின் மருத்துவக் குழுக்களே, சாம்பாவில் ஏற்றிய ரத்தம்தான் காரணம் என்று 2014லும் 2015லும் பதிவு செய்தன. 2016ல் அவர் பணியிலிருந்து வெளியேற வேண்டி வந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. 2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. சுமார் ரூ.1.54 கோடி இழப்பீட்டை விமானப்படையும் ராணுவமும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்றது. எந்த மருத்துவர் எந்த நிமிடத்தில் தவறினார் என்று நோயாளி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது என்ற சட்டக் கொள்கையை நீதிபதிகள் இங்கே பயன்படுத்தினார்கள். 1950ல் அமெரிக்காவில் பெயர் பொறித்த துண்டே கையில் இருந்தும் திறக்காத கதவு, 2023ல் நம் நாட்டில் ஒரு சாதாரண வீரருக்குத் திறந்தது.

அமெரிக்காவில் 2019 டிசம்பரில்தான் ஒரு சன்னல் திறந்தது. ராணுவ மருத்துவமனையில் நுரையீரல் கட்டியைக் கவனிக்காமல் விட்டதால் பாதிக்கப்பட்ட ஒரு வீரரின் போராட்டத்தால் புதிய சட்டம் வந்தது. அதன்படி பாதுகாப்புத் துறையிடமே இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்துக்குப் போக மட்டும் இன்றும் வழியில்லை.

இன்று உங்களுக்கு உள்ள வழிகள்

நுகர்வோர் ஆணையம்: 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். காலவரம்பு 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்.

உரிமையியல் வழக்கு: மத்திய அரசின்மீது வழக்குப் போடுமுன் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும்.

உயர் நீதிமன்றம்: நடந்தது என்ன என்பதில் பெரிய சர்ச்சை இல்லாதபோது ரிட் மனு பயன்படும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்: இதன் அமர்வு சென்னையில் உண்டு. சிகிச்சைத் தவறால் ஏற்பட்ட உடல் குறைபாட்டுக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் இங்கே போகலாம். மருத்துவக் கவனக்குறைவுக்கான நஷ்ட ஈட்டுக்கு மேலே சொன்ன வழிகள்தான்.

மருத்துவக் கவுன்சில்: மருத்துவரின் நடத்தை பற்றிப் புகார் தரலாம். இதில் பணம் கிடைக்காது.

காகிதமும் காலமும்

எல்லா வழக்கிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை இரண்டு. முதலாவது ஆவணம். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவக் குழுவின் அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. அரசு மருத்துவமனையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்கலாம்.

இரண்டாவது காலம். ஒரு செவிலியருக்கு 1993ல் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. வலி தொடர்ந்தும், ஒன்பது ஆண்டுகள் அவர் மாத்திரையிலேயே சமாளித்தார். 2002ல் வயிற்றிலிருந்து மருத்துவத் துணியை எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவத் துறையில் இருப்பவர், வலி விடாதபோதே காரணத்தைத் தேடியிருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று 2010ல் தீர்ப்பானது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலோ வலியோ குறையாவிட்டால், 'படையில் இருந்தவன், இதைத் தாங்க மாட்டேனா' என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சொன்னதையும் அவர் தந்த பதிலையும் எழுத்தில் பதிய வையுங்கள். முதலில் அது உங்கள் உயிரைக் காக்கும். தேவைப்பட்டால் பிறகு உங்கள் உரிமையையும் காக்கும்.