விரல்களை எண்ணிய சட்டமும் நினைவை இழந்தவர்களும்

தலையில் அடிபட்டு உயிர் பிழைத்தவர் எஞ்சிய வாழ்நாளை யார் துணையோடு வாழ்வது? இந்தியச் சட்ட வரலாற்றில் இக்கேள்வி நேர்வழியில் வரவில்லை. 'இழப்பீடு எவ்வளவு?', 'ஊனம் எத்தனை விழுக்காடு?' என்னும் வேறு கேள்விகளின் ஊடாகவே அது வந்து சேர்ந்தது. அந்தச் சுற்றுவழியின் தடங்கள் இன்றும் அழியவில்லை.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது காயமுற்றவருக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என விதித்தது. அதன் முதல் அட்டவணை மனித உடலை உறுப்பு உறுப்பாகப் பகுத்து விலையிட்டது. பிற்காலத் திருத்தங்களுக்குப் பின், கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு, மறுகண் நலமாயிருக்க ஒரு கண் இழப்புக்கு 40 விழுக்காடு என அவ்வட்டவணை கணக்கிட்டது. நினைவாற்றல், கவனம், சினத்தை அடக்கும் திறன் ஆகியவற்றுக்கு அதில் வரிசை இல்லை. அவற்றை இழந்தவர், தம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது எனத் தனியே நிறுவவேண்டியிருந்தது. வெட்டுண்ட விரல் தானே சாட்சி சொல்லும்; சிதைந்த நினைவுக்கு அந்த வசதி இல்லை.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. அவற்றுள் மனவளர்ச்சிக் குறைபாடு என்பது மனத்தின் வளர்ச்சி தடைப்பட்ட அல்லது முழுமையுறாத நிலை என வரையறுக்கப்பட்டது. முப்பது வயதில் விபத்துக்குள்ளானவரின் மனம் முழுமையாக வளர்ந்து, பின்னர் காயமுற்ற மனம். அவர் இந்த வரையறைக்குள் அடங்கவில்லை. பாதுகாவலர் நியமனத்துக்கு எளிய வழி வகுத்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுடன் நின்றுகொண்டது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21ஆக விரித்தது. பார்க்கின்சன் நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அமில வீச்சுக்கு ஆளானோரும் சேர்க்கப்பட்டனர். தலைக்காயம் தனிப்பெயராக இடம்பெறவில்லை. எனவே காயமுற்றவர் துண்டு துண்டாகவே சட்டத்தின் முன் நிற்கிறார்: செயலிழந்த கை இயக்க ஊனத்தின் கீழ், குழறும் பேச்சு மொழிக் குறைபாட்டின் கீழ். அடுப்பை அணைக்க மறப்பதும், வீடு திரும்பும் வழி தெரியாமல் நிற்பதும் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பது தெளிவில்லை.

இந்த இடைவெளியை நீதிமன்றங்களே ஓரளவு நிரப்பின. நினைவற்ற நிலையில் கிடப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச்சட்டம் இல்லாததால், கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தானே நெறிமுறைகளை வகுத்தது. 2020இல் உச்சநீதிமன்றம், சாலை விபத்தில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், பராமரிப்பையே கணக்கில் எடுத்தது. இரவும் பகலும் கவனிக்க இரு பராமரிப்பாளர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், பெருக்கெண் 18 எனக் கொண்டு, பராமரிப்புக்கு மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது. விரல்களை எண்ணத் தொடங்கிய சட்ட மரபு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், படுக்கையருகே விழித்திருப்பவரையும் எண்ணியது.

ஆனால் அந்தக் கணக்கு, வழக்குத் தொடுக்க ஒரு வாகனமும் காப்பீட்டு நிறுவனமும் இருக்கும்போதுதான் தொடங்குகிறது. மாடிப்படியில் தவறி விழுந்தவருக்கு எதிர்த்தரப்பு இல்லை. அவர் வீட்டில் தாயோ மனைவியோ அதே இரவுகளில் விழித்திருக்கிறார். அந்த உழைப்புக்குப் பெருக்கெண் இல்லை. தொகை பெற்ற குடும்பத்துக்கும் பகல்நேரப் பராமரிப்பு இல்லமும், பயிற்சி பெற்ற துணையாளரும், மீண்டும் வேலைக்குப் பழக்கும் இடமும் அத்தொகையோடு வந்துவிடுவதில்லை. இழப்பீடு கடந்த காலத்தின் தவற்றுக்கு விலை கூறுகிறது. காயமுற்றவருக்கு வேண்டியதோ நாளைக் காலை எழுந்ததும் அருகே இருக்கும் ஓர் ஆள்.